பெட்டியில் 56, வீட்டில் 45



முதலில் டயல் ஓசை. அடுத்து 1515 என்று நான்கு எண்கள் தட்டப்படும் சத்தம். ஒரு விநாடி அமைதி. அதன் பிறகு தகரத்தை ஆணியால் கீறுவது போல ஓர் அலறல், அதற்குள் ஒரு விசில், கடைசியில் மழை கொட்டுவது போன்ற இரைச்சல். இந்தச் சத்தம் எதுவென்று இருபது வயதுக்குக் கீழே உள்ள நேயர்களுக்குத் தெரிந்திருக்காது. முப்பதைத் தாண்டியவர்களுக்கோ விளக்கமே தேவையில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் நுழைந்த காலத்துச் சத்தம் அது. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30ஆம் தேதிதான் நிறுத்தியது. மலேசியாவில் அந்தக் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற ஒரு சந்தேகம் மட்டும் பல வீடுகளில் இன்னும் தீராமல் கிடக்கிறது.

2000, 2001ஆம் ஆண்டு வாக்கில் பினாங்கில் முதன்முதலாகக் கணினி வாங்கிய ஒரு தமிழ்க் குடும்பத்தை நேயர்கள் மனத்தில் நிறுத்திக் கொள்ளலாம். பெயர் எதுவும் வேண்டாம். அந்தக் குடும்பம் ஆயர் ஈத்தாமிலும் இருந்தது, ஜெலுத்தோங்கிலும் இருந்தது, கடலுக்கு அந்தப் பக்கம் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இருந்தது. அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கணினி வாங்குவதற்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்று அப்போது ஒரு திட்டம் வந்திருந்தது. ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்து வைத்த பணம். அதில் ஒரு பகுதியை எடுத்து, பிள்ளை படிக்கட்டும் என்று ஒரு பெட்டியை வாங்கி, ஹாலில் மேசை போட்டு, தூசு படாமல் மேலே ஒரு துணியையும் போர்த்தி வைத்தார்கள்.

மோடம் வந்த அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 56கே என்று அச்சிட்டிருந்தது. பையன் இணைப்புப் போட்டுப் பார்த்தான். திரையில் வந்த எண் 45,333. மறுநாள் 48,000. மழை பெய்த இரவில் 31,200. ஒரு நாளாவது 56,000 வந்ததா என்றால், இல்லை.

"என்னப்பா, காசு கொடுத்தது அம்பத்தாறுக்குத்தானே?"

அப்பாவின் அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை. கடைக்காரர் லைன் சரியில்லை என்பார். லைன்காரர் மோடம் மட்டமானது என்பார். கடைசியில் பழி பையன் தலையில் விழும்: "நீதான் எதையோ அழுத்திக் கெடுத்துட்டே." நிமிடக் கணக்கில் கட்டணம் ஓடிய காலம் அது. வேகம் குறைந்தால் பில் கூடும். ஆகவே இந்தச் சந்தேகம் வெறும் தொழில்நுட்பச் சந்தேகம் அல்ல, மாதக் கடைசியில் வந்து நிற்கும் பணச் சந்தேகம்.

பையன் எதையும் கெடுக்கவில்லை. உண்மையில் 45 என்பது மோசமான எண்ணே அல்ல. அந்தக் காலத்து மோடங்களுக்கு அது நல்ல மதிப்பெண். ஏன் என்று பார்க்க வேண்டுமானால் 56 என்ற எண் எங்கிருந்து முளைத்தது என்று பார்க்க வேண்டும்.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. குரல் புரிவதற்குத் தேவையான, ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டும் கடத்தினால் போதும் என்று வடிவமைத்தார்கள். பிற்காலத்தில் தொலைபேசி நிலையங்கள் கணினிமயமானபோது, அந்தக் குரலை ஒரு விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். எட்டாயிரத்தை எட்டால் பெருக்கினால் 64,000. ஓர் உரையாடலுக்கு நிலையங்களுக்கிடையே ஒதுக்கப்படும் பாதையின் அளவு இதுதான். இதற்கு மேல் ஒரு பிட் கூட அந்தப் பாதையில் போகாது.

பழைய மோடங்கள் இதைக்கூடத் தொட முடியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் ஒலியை நிலையத்தில் எண்ணாக மாற்றும்போது சிறு பிசிறு சேர்ந்துவிடும். நாலரை ரிங்கிட்டை ஐந்து ரிங்கிட் என்று முழுமையாக்கி எழுதுவது போன்ற பிசிறு அது. கம்பியின் அலைவரிசையும் பிசிறின் அளவும் தெரிந்தால், எவ்வளவு செய்தியை அதில் ஏற்ற முடியும் என்று கணக்கிட 1948இல் கிளாட் ஷானன் ஒரு சூத்திரம் தந்தார். அதைத் தொலைபேசிக் கம்பிக்குப் போட்டுப் பார்த்தால் விடை 35,000ஐ ஒட்டி வருகிறது. வி.34 என்ற தரத்தில் வந்த மோடங்கள் 33,600இல் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். சுவர் அங்கேயே இருந்தது.

அந்தச் சுவரை 1997இல் ஒரு சாமர்த்தியம் தாண்டியது. இணையச் சேவை நிறுவனத்தின் பக்கம் கம்பியே இல்லாமல் நேராக எண்வழிப் பாதையில் இணைத்துவிட்டால் என்ன? அப்போது அந்தப் பக்கத்தில் ஒலியை எண்ணாக மாற்றும் வேலையே கிடையாது, பிசிறும் கிடையாது. எண்ணை ஒலியாக மாற்றும் வேலை ஒரே ஒரு முறை, வாடிக்கையாளரின் நிலையத்தில் மட்டும் நடக்கும். எட்டு பிட்டில் ஒன்றை விட்டுக்கொடுத்து ஏழை வைத்துக்கொண்டால் 8,000 பெருக்கல் 7. அதுதான் 56,000.

ஆக, 56 என்பது யாரும் ஓட்டிப் பார்த்து எழுதிய வேகம் அல்ல. கம்பியில் துளி இரைச்சலும் இல்லை என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் போட்ட பெருக்கல். காரின் ஸ்பீடோமீட்டரில் 220 வரை அச்சடித்திருக்கிறது என்பதற்காகப் பினாங்குப் பாலத்தில் காலை ஏழரை மணிக்கு அந்த வேகத்தில் போக முடியுமா? அமெரிக்காவிலோ கம்பியில் ஏற்றும் மின்திறனுக்கு அரசு வைத்த வரம்பினாலேயே 53,333க்கு மேல் போக வழியில்லை. பெட்டியில் மட்டும் 56 என்றே போட்டார்கள். சில பெட்டிகளில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது உண்மைதான். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாக விளம்பரத்தை நம்பி ஏமாறாதீர்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய ஊர் இது. உணவு டின்னின் லேபிளைத் திருப்பிப் பார்க்கப் பழகியவர்களும் மோடம் பெட்டியின் பொடி எழுத்தை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த 56, இணையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழிக்கு மட்டுமே. வீட்டிலிருந்து வெளியே போகும் வழியில் பழைய 33,600தான். மின்னஞ்சலில் திருமணப் புகைப்படத்தை இணைத்து அனுப்ப இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். இரு நண்பர்கள் தங்கள் வீட்டு மோடங்களை நேராக இணைத்து விளையாடினாலும் 33,600ஐத் தாண்டாது. இரு பக்கமும் கம்பி அல்லவா?

ஆரம்பத்தில் குழப்பம் இன்னும் அதிகம். எக்ஸ்2 என்று ஒரு கட்சி, கே56ஃபிளெக்ஸ் என்று இன்னொரு கட்சி. வீட்டு மோடம் ஒரு கட்சியாகவும் சேவை நிறுவனத்தின் கருவி மறு கட்சியாகவும் இருந்துவிட்டால், இரண்டும் பேச்சுக்கு வராமல் பழைய வேகத்துக்கே இறங்கிவிடும். 1998இல் வி.90 என்ற பொதுத் தரம் வந்த பிறகே அந்தச் சண்டை ஓய்ந்தது.

அந்த வி.90 தரத்தில்தான் 45,333, 49,333 போன்ற விநோதமான எண்கள் பிறந்தன. ஆறு அளவுகளை ஒரு கட்டாகச் சேர்த்து அனுப்புவதால், 8,000த்தை ஆறால் வகுத்த 1,333 சொச்சம் பிட்டுகள் ஒரு படி. 28,000இலிருந்து 56,000 வரை மொத்தம் 22 படிகள். அலறல் சத்தம் கேட்ட அந்த இருபது சொச்சம் விநாடிகளில் நடந்தது, எந்தப் படியில் நிற்பது என்ற பேரம். இரண்டு பக்கமும் பலவித ஒலிகளை அனுப்பி, எது தெளிவாக வருகிறது, எது மங்குகிறது என்று கம்பியைத் தட்டிப் பார்த்தன. தேங்காயைச் சுண்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். பேரம் கீழே உள்ள படிகளிலும் முடியாமல் போனால் வி.34க்கே திரும்பிவிடும். மழை இரவின் 31,200 அப்படி வந்த எண்.

சரி, எது மங்க வைத்தது? கம்பியின் நீளம் முதல் காரணம். தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே செம்புக் கம்பி நீள நீள மேல் அலைவரிசைகள் தேய்ந்துபோகும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஜோர்ஜ்டவுன் நகர மையத்தில் நூறு வருடப் பழைய கடைவீட்டில் இருப்பவருக்கு, நிலையம் பக்கத்தில் இருந்தால், நல்ல வேகம் கிடைக்கலாம். புதிதாகக் கட்டிய தாமானில், பளபளக்கும் வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்காமல் போகலாம். காரணம் தூரம் மட்டுமல்ல. புதுக் குடியிருப்புகளுக்கு இணைப்பைப் பெருக்குவதற்காக நடுவழியில் ஒரு கருவியை வைத்து, பல வீடுகளின் குரலைச் சேர்த்து ஒரே பாதையில் அனுப்பும் முறை பல நாடுகளில் இருந்தது. அந்தக் கருவி ஒலியை எண்ணாக்கி, எண்ணை மீண்டும் ஒலியாக்கி நிலையத்துக்குக் கொடுத்தால் முடிந்தது கதை. ஒரே ஒரு மாற்றம் என்ற 56இன் நிபந்தனை அங்கேயே உடைந்துவிடும். புது மோடம் வாங்கினாலும் மாறாது. அலுவலகங்களில் உள் இணைப்புத் தொலைபேசியில் மோடத்தைச் செருகியவர்களுக்கும் இதே கதிதான்.

மழைக்கும் உண்மையாகவே பங்கு உண்டு. பையனின் அம்மா, "மழை வந்தா இண்டர்நெட் தூங்குது" என்று சொன்னபோது வீட்டில் சிரித்திருப்பார்கள். சிரித்திருக்கக் கூடாது. பழைய கம்பி முனைகளிலும் இணைப்புப் பெட்டிகளிலும் ஈரம் இறங்கினால் கரகரப்பு கூடும். பேசுபவர் காதுக்கு அது பெரிதாகத் தெரியாது, மோடத்துக்கு அது போதும். அன்றைக்கு இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருந்தது. ரிசீவரை எடுத்து, ஏதாவது ஓர் எண்ணைத் தட்டி டயல் ஓசையை நிறுத்திவிட்டு, காதை வைத்துக் கேட்க வேண்டும். நிசப்தமாக இருந்தால் கம்பி நலம். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போலக் கேட்டால் மோடத்தை மாற்றிப் பயனில்லை.

வீட்டுக்குள்ளேயே செய்துகொண்ட வினையும் உண்டு. ஹாலில் ஒரு போன், படுக்கையறையில் ஒரு போன், சமையலறையில் ஒரு போன் என்று கிளை பிரித்து, கணினிக்கு மட்டும் பாயின் அடியில் பத்து மீட்டர் மலிவான ஒயர் இழுத்தால் ஒவ்வொரு கிளையும் கொஞ்சம் தின்றுவிடும். இது போதாதென்று, பெரியம்மா சமையலறையில் ரிசீவரைத் தூக்கினால் இணைப்பே அறுந்தது. "மா, போனை வைங்க!" என்ற கூச்சல் கேட்காத வீடு அநேகமாக இருந்திருக்காது. இன்னோர் அழைப்பு வருவதைத் தெரிவிக்கும் 'டுக்' ஒலி கூட மோடத்தைத் தடுமாற வைத்தது. பாதி இறங்கிய கோப்பு போனது போனதுதான். கெட்ரைட் போன்ற மென்பொருள் வைத்திருந்தவர்கள் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

சில வீடுகளில் நேர்மாறாக ஓர் ஆனந்தம். திரையில் 1,15,200 என்று வரும். அண்டை வீட்டுக்காரருக்கு 45, இவர்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல்! அதுவும் பொய் அல்ல. ஆனால் அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையே இருக்கும் அரை மீட்டர் கேபிளின் வேகம். மோடத்தின் மென்பொருள் எதைக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறதோ அதைக் காட்டும். வாசலிலிருந்து கேட் வரை ஓடிவிட்டு ஈப்போவுக்கு அதே வேகத்தில் போய்விடுவேன் என்று சொல்வது போன்ற கணக்கு.

இந்த எண்களை ரிங்கிட்டாக மாற்றிப் பார்த்தால்தான் அப்பாவின் கவலை புரியும். 48,000 என்பது பிட். எட்டு பிட் ஒரு பைட். எட்டால் வகுத்தால் 6,000. முகவரி, சரிபார்ப்பு போன்ற உறைகளுக்குக் கொஞ்சம் போக, விநாடிக்கு ஏறத்தாழ 5,500 பைட் கைக்கு வரும். 3 மெகாபைட் அளவுள்ள ஒரு சினிமாப் பாட்டு இறங்க 9 நிமிடம். 28,800இல் இணைந்த வீட்டில் அதே பாட்டுக்கு 15 நிமிடம். அதே பாட்டு, அதே சேவை, ஆனால் மீட்டர் ஆறு நிமிடம் கூடுதலாக ஓடியது. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கின் முழுத் தொகுப்பு சுமார் 266 மெகாபைட். 48,000இல் அது இறங்க 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடையில் பெரியம்மா போனைத் தொடாமல் இருந்தால். கணினிக்குப் பாதுகாப்பு தேவை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பாதுகாப்பு யாருக்கு எட்டியது என்பதைத் தெருக்கோடியில் இருந்த கம்பியின் நீளம் தீர்மானித்தது.

இதில் பினாங்குக்கு மட்டும் உரிய ஒரு முரண் இருக்கிறது. 1870-71இல் சென்னையிலிருந்து கடலடித் தந்திக் கம்பி வந்து கரையேறிய ஊர் பினாங்கு. அங்கிருந்துதான் அது சிங்கப்பூருக்குப் போனது. 1997இல் ஃபிளாக் என்ற கண்ணாடி இழைக் கேபிள், அடுத்து சீ-மீ-வீ 3, 2002இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சேஃப் கேபிள், எல்லாம் பினாங்கில் கரையேறியவை. 1992இல் ஜாரிங் கட்டமைப்பு அமெரிக்காவுடன் செயற்கைக்கோள் வழி இணைந்தபோது மொத்த நாட்டுக்கும் இருந்த பாதை விநாடிக்கு 64,000 பிட்தான். பத்து வருடத்துக்குள் அந்த நிலை தலைகீழானது. உலகத்தின் போக்குவரத்து கடலடியில் ஒளியாகப் பாய்ந்து தீவின் கரைவரை வந்து நின்றது. கரையிலிருந்து வீட்டு ஹாலுக்கு வரும் கடைசிச் சில கிலோமீட்டர் மட்டும் பழைய செம்பு. ஆறு நிறைய தண்ணீர், வீட்டுக்குழாயில் சொட்டு.

தமிழுக்கு இதில் தனியாக ஒரு கதை உண்டு. 'பினாங்கு' என்ற சொல்லை அன்றைய டிஸ்கி குறியீட்டில் எழுதினால் 6 பைட். யுனிகோட் முறையில், இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 வடிவில் எழுதினால் அதே சொல் 24 பைட். நான்கு மடங்கு! 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலகட்டத்தில், மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாகத் தமிழில் தட்டெழுதக் கற்றுக்கொண்டிருந்த பலருக்கும் இந்த நான்கு மடங்கு ஒரு பெரிய பயமாகத் தோன்றியதில் வியப்பில்லை. மெதுவான கம்பியில் இவ்வளவு சுமையா என்று.

ஆனால் அந்தப் பயம் பாதிதான் சரி. மோடங்களுக்குள் வி.42பிஸ் என்ற சுருக்கும் முறை இருந்தது. திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்குச் சிறு குறி கொடுத்து அனுப்புவது அதன் வேலை. யுடிஎஃப்-8இல் எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவது பைட் இரண்டில் ஒன்று. மோடத்துக்கு இதைவிடச் சுலபமான தீனி கிடைக்காது. சுருக்கமே இல்லாமல் போனாலும் 600 சொற்கள் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரை சுமார் 15,000 பைட்தான், 48,000 இணைப்பில் மூன்று விநாடிக்குள் வந்துவிடும். உண்மையில் நேரத்தைத் தின்றது வேறு. எழுத்துரு இல்லாத கணினியிலும் தெரியட்டும் என்று பக்கத்தையே படமாக எடுத்துப் போட்ட தளங்கள்தான். 150 கிலோபைட் படம் 27 விநாடி. படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் மோடத்தின் சுருக்கல் அதில் ஒன்றும் செய்ய முடியாது. எழுத்தாக இருந்தால் மூன்று விநாடி, படமாக இருந்தால் அரை நிமிடம். தமிழ் கனமானது அல்ல, அதைப் படமாக்கியதுதான் கனம். இதை அன்றே யாராவது அந்தப் பையனுக்குச் சொல்லியிருந்தால், தமிழ்ப் பக்கம் என்றாலே மெதுவு என்று அவன் ஆங்கிலப் பக்கத்துக்குத் தாவியிருக்க மாட்டான்.

2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தது, 2010இல் கண்ணாடி இழையில் யூனிஃபை வந்தது. ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. இன்றைக்கு 100 மெகாபிட், 300 மெகாபிட் என்று பேசுகிற வீடுகளிலும் பின்னறையில் வைஃபை இருபதைக் காட்டும்போது அதே கேள்விதான் எழுகிறது. பிட்டையும் பைட்டையும் பிரித்துப் பார்க்காமல் எழும் வாக்குவாதமும் அதேதான்.

கடைசியாக ஒரு செய்தி. 56கே மோடங்கள் கோலோச்சிய காலத்திலேயே, லிட்டில் இந்தியா போன்ற கடைத்தெருக்களில் கல்லாப் பக்கத்தில் இருந்த கடன் அட்டைக் கருவிகளுக்குள்ளும் மோடம் இருந்தது. உலகெங்கும் அவற்றில் பெரும்பாலானவை பேசிய வேகம் 1,200 அல்லது 2,400 பிட். கடைக்காரர்கள் ஏமாந்துபோய்ப் பழைய கருவியை வாங்கினார்கள் என்று எண்ண வேண்டாம். அட்டை எண்ணும் தொகையும் சேர்ந்தால் சில நூறு பைட்தான். மெதுவான மோடம் ஓரிரு விநாடியில் கைகுலுக்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, ரசீதையும் அடித்துவிடும். 56கே மோடம் அப்போதுதான் அலறத் தொடங்கியிருக்கும்.